காலையில் மட்டும் கிளம்பாத காடி

வேலையை விடுவதற்கு ஒரு கடிதம் டைப் பண்ணித் தரும்படி அம்மா கேட்டபோது, நான் காடியின் ஸ்பார்க் பிளக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பேச்சில் கார் என்றால் காடி. எங்கள் காடிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஆனால் வீட்டில் அதன் உடல்நிலையைத்தான் அதிகம் விசாரிப்பார்கள்.

"என்ன லெட்டர்மா?"

"வேலைய விடற லெட்டர். ஒரு மாசத்துக்கு முன்னாடியே குடுக்கணும்ல. திங்கக்கெழம குடுத்துடறேன்."

கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லும் அதே குரல். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். பிளக்கை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீடு இருப்பது தீவில். அம்மா, பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறார். சின்னச் சின்ன மின்னணுப் பலகைகளைப் பூதக்கண்ணாடி விளக்கின் கீழே வைத்து, ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பதினேழு வருஷமும் தொழிற்சாலை பஸ் எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். இந்த வருஷம் தீவிலிருந்து வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அப்பா தீவிலேயே ஒரு குடியிருப்பில் பாதுகாவலர். அவர் மோட்டார் சைக்கிளில் எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஆக, அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டால்தான் வேலை.

கற்றுக்கொண்டார். நாற்பத்தொன்பது வயசில். முதல் தடவை மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது காடி பின்னால் உருண்டு ஃபெயில். இரண்டாவது தடவை பாஸ். முதல் நாள் பாலத்தைக் கடந்து பிறைக்குப் போய் இறங்கி, எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "வந்துட்டேன். லாரிக்காரன் ஒருத்தன் ஹார்ன் அடிச்சான். நானும் அடிச்சேன்." அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இரண்டு வாரம் அப்படி ஓடியது. பிறகு ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்த மறுநாள் விடியற்காலையிலிருந்து காடி அம்மாவுக்குக் கிளம்ப மறுத்தது.

அம்மாவுக்கு மட்டும். அதுதான் விஷயம். ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கிப் போய்ச் சாவியைத் திருப்புவார். கிளம்பாது. மறுபடி. மறுபடி. நாலாவது மாடியிலிருந்து அப்பா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி வருவார். "தள்ளு" என்று உட்கார்ந்து ஒரே ஒரு திருப்பு. காடி உறுமிக்கொண்டு எழுந்துவிடும்.

"ராசியான கை" என்பார் அப்பா, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டி.

"கையில என்ன, எண்ணெயா தடவி வச்சிருக்கீங்க?"

"சாவியத் திருப்பத் தெரியணும்லா. நீ பால் டின்னு மூடி மாதிரி திருப்புற."

அப்பா விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் விளையாட்டு இரண்டு வாரம் நீண்டால் அது தீர்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது. எதிர்வீட்டு அக்காகூட அம்மாவைப் பார்த்தால், "இன்னிக்கு யாரு ஸ்டார்ட் பண்ணது?" என்று சிரிக்க ஆரம்பித்தார். அதற்குள் அம்மா மூன்று நாள் வேலைக்குத் தாமதமாகப் போயிருந்தார். அவர் தன் வரிசைக்குத் தலைவி. அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் மற்றவர்கள் விளக்கைப் போட முடியும். பதினேழு வருஷத்தில் யாரையும் காக்க வைக்காதவர். "எனக்கு வண்டி ஓட்ட வரலடி. வந்துச்சுன்னு நெனச்சிட்டேன்" என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதப் பேச்சு.

நான் மெகாட்ரானிக்ஸ் டிப்ளோமா கடைசி வருஷம். பயிற்சிக்காக வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். காடி என்றால் எனக்குப் பைத்தியம். காடியின் கணினியைப் படிக்கும் கருவி ஒன்றும் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றும் சொந்தமாக வைத்திருக்கிறேன். வீட்டில் ஒருத்திக்கு இவ்வளவு இருந்தும் ஒரு காடி கிளம்பவில்லை என்றால் எவ்வளவு அவமானம்! இரண்டு வாரமும் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். குளிரில் கிளம்பாத வண்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லா வீடியோவிலும் பனி. மூக்கு சிவந்த ஒருவர் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிவிட்டுப் பேச ஆரம்பிப்பார். எங்கள் ஊரில் மழைக்காலத்து விடியற்காலைதான் அதிகபட்சக் குளிர். அதற்கே அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார், அப்பா காதில் துண்டைச் சுற்றிக்கொள்வார். காடிக்குமா குளிரும் என்று முதலில் சிரித்தேன். பிறகு அந்தப் பட்டியலை அப்படியே கடைப்பிடித்தேன். பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன். காற்று உள்ளே போகும் வாயைச் சுத்தம் செய்தேன். பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகப்பட்டேன். கணினிக் கருவியைச் செருகிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை என்றது.

இதையெல்லாம் எப்போது செய்தேன் என்று கேட்டால்தான் வெட்கம். சாயங்காலம். அம்மா பாலம் கடந்து வீட்டுக்கு வந்து நிறுத்திய கொஞ்ச நேரத்தில். சூடான எஞ்சினில். நான் சாவியைத் திருப்பும்போதெல்லாம் காடி முதல் தடவையிலேயே கிளம்பியது. ஒவ்வொரு நாளும் "சரியாயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஒரு சாயங்காலம் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்கார அண்ணன் பேட்டரியில் தன் கருவியைப் பிடித்துப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். உடனே கிளம்பியது.

"காடி பாகுஸ்லா தங்கச்சி, நல்லாத்தான் இருக்கு. பேட்டரி ஸ்ட்ராங்கு. யாரு காலையில ஓட்டுறது?"

"அம்மா."

"ஓ" என்றார். பானெட்டை மூடினார். அந்த 'ஓ'வை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் சொல்லாமல் விழுங்கினேன்.

கடிதம் கேட்டது சனிக்கிழமை மத்தியானம். நான் மேலே போனபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைத் தள்ளிப்போட வேறு வழி தெரியாமல் நான் பேச்சுக் கொடுத்தேன்.

"காலையில சரியா என்னம்மா ஆவுது?"

"ஸ்டார்ட் ஆவல."

"அதான், ஸ்டார்ட் ஆவலன்னா எப்படி?"

"எப்படின்னா? ஸ்டார்ட் ஆவலன்னா ஸ்டார்ட் ஆவலதான். இதுல எத்தன வகை இருக்கு?"

வகை இருக்கிறது. இரண்டே இரண்டு வகை. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாமல் இருப்பது ஒன்று. எஞ்சின் சுற்றவே திணறுவது இன்னொன்று. முதலாவது என்றால் பெட்ரோல், பிளக், காற்று. இரண்டாவது என்றால் மின்சாரம். எந்த வீடியோவும் ஆரம்பிக்கும் முதல் கேள்வியே அதுதான். மூக்கு சிவந்த மனிதர் அதைச் சொல்லும்போது நான் வேகத்தைக் கூட்டித் தாண்டிப் போயிருக்கிறேன். "ஸ்டார்ட் ஆவல" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் தவறான பக்கத்தைத் தேய்த்திருக்கிறேன்.

"சத்தம் எப்படிம்மா இருக்கும்? சத்தம் போட்டுக் காட்டுங்க."

"பைத்தியமாடி உனக்கு?"

"போடுங்கம்மா."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா பக்கம் ஒரு பார்வை. பிறகு மெதுவான குரலில், தூக்கத்தில் முனகுகிற மாதிரி: "ர்ர்ரூ... ர்ர்ரூ... டக். டக்."

"ரூரூரூரூன்னு வேகமா இல்லையே?"

"அது உங்கப்பா திருப்பும்போது. எனக்கு வயசான ஆளு மாடிப்படி ஏறுற மாதிரிதான்."

"யார்ரா அது வயசான ஆளு?" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

சுற்றத் திணறுகிறது! பெட்ரோல் இல்லை, பிளக் இல்லை. விளக்கு எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, பட்டறை அண்ணனே பேட்டரி ஸ்ட்ராங் என்கிறார். அப்படியென்றால் கரண்ட் இருக்கிறது, போய்ச் சேரவில்லை. எட்டுப் பத்து மணி நேரம் ஓய்ந்து கிடந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். அதைப் புரட்ட நிறைய கரண்ட் வேண்டும். அப்போதுதான் குறை தெரியும். எஞ்சினுக்குக் குளிர் என்றால் பனி வேண்டியதில்லை, ஒரு ராத்திரித் தூக்கம் போதும்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. காலையில அஞ்சே முக்காலுக்கு நீங்க ஸ்டார்ட் பண்ணணும். நான் பக்கத்துல நிக்கிறேன். எல்லாம் வேலை நாள் மாதிரியே இருக்கணும்."

"லெட்டரு?"

"அது பாத்துட்டு டைப் பண்றேன்."

"பாத்தாலும் பாக்காட்டியும் டைப் பண்ணிடு" என்றார் அம்மா. டைப் பண்ணினேன். தேதி மட்டும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று அலாரம் வைத்து எழுந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மரத்தடியில் நிறுத்தியிருந்த காடியின் மேல் இலையெல்லாம் ஒட்டிக் கிடந்தது. அம்மா இறங்கி வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். தொழிற்சாலைச் சட்டை, ஸ்வெட்டர், ஷூ, தோளில் கைப்பை, கையில் சாப்பாட்டு டப்பா.

"டப்பா எதுக்கும்மா?"

"எல்லாம் வேலை நாள் மாதிரியே இருக்கணும்னு நீதான சொன்ன?"

பானெட்டைத் திறந்தேன். பேட்டரியில் ஈயத்தாலான இரண்டு குமிழ்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு உலோகக் கவ்வி பிடித்திருக்கும். கவ்வியிலிருந்து தடித்த வயர் புறப்பட்டு எஞ்சினுக்குப் போகும். முதலில் மீட்டரை இரண்டு குமிழ்களுக்கும் நடுவே பிடித்தேன். "திருப்புங்கம்மா."

ர்ர்ரூ. ர்ர்ரூ. டக். அம்மா நேற்றுப் போட்டுக் காட்டியது அச்சு அசலாக. பேட்டரியோ கொஞ்சம்கூட அசரவில்லை. பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. எஞ்சின் இவ்வளவு திணறும்போது பேட்டரி களைத்துப் போயிருக்க வேண்டுமே!

அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாசிட்டிவ் குமிழின் தலையிலும், இன்னொரு முனையை அதையே கட்டிப்பிடித்திருக்கும் கவ்வியிலும் வைத்தேன். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒன்றும் இல்லையென்றால் மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும்.

"இன்னொரு தடவை."

மீட்டர் நாலுக்கு எகிறியது.

"அம்மா! அம்மா, நிறுத்துங்க! நாலு வோல்ட்டு!"

"நாலுன்னா நல்லதா கெட்டதா?"

"கெட்டது! ரொம்ப நல்ல கெட்டது!"

அம்மா இறங்கி வந்து பார்த்தார். கவ்வியை விரலால் தொட்டவர் சட்டென்று கையை எடுத்தார். "சுடுது." பிறகு மூக்கைச் சுளித்தார். "சந்தன வாசம் வருது பாரு. தினம் காலையில இப்படித்தான். பூஜை போட்ட காடியாச்சேன்னு நெனச்சிக்குவேன்."

நான் ஸ்பேனரை எடுத்துக் கவ்வியைத் தளர்த்தித் தூக்கினேன். குமிழைச் சுற்றிப் பழுப்பாக, ஓரமெல்லாம் கருகிப்போய், ஒரு படலம். ஒரு பக்கம் மட்டும் இன்னும் சிவப்பு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். தூளாக உதிர்ந்தது. அம்மா அதை விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பூதக்கண்ணாடி விளக்கின் கீழே பலகையைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார்.

"ஐயோ. நான் வச்ச பொட்டுடி."

எல்லாம் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லா வீட்டிலும் வண்டி கழுவுவார்கள். நான் கழுவுவதோடு நிற்பேனா? பேட்டரிக் கவ்விகளைக் கழற்றி, குமிழ்களைப் பூத்திருந்த வெள்ளைப் பொடி போகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் காய வைத்திருந்தேன். அப்போது அம்மா லிட்டில் இந்தியாவில் வாங்கிய சந்தனத்தைப் பன்னீரில் குழைத்துக் கிண்ணத்தோடு வந்தார். நாலு சக்கரத்துக்கும் வைத்தார், ஸ்டியரிங்குக்கு வைத்தார், நம்பர் பிளேட்டுக்கு வைத்தார். "எஞ்சினுக்கும் வைக்கணும்ல?" என்று கேட்டார். நான் கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல், "வைங்கம்மா, வைங்க" என்றேன். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் சதுர மேடை மேல் பளபளப்பாக இரண்டு குட்டிக் குமிழ்கள். எங்கள் வீட்டு ஆள் யாராக இருந்தாலும் பொட்டு வைக்காமல் விடுவார்களா? ஆளுக்குத் தாராளமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். சாயங்காலம் நான் அவசர அவசரமாகக் கவ்விகளை அதன் மேலேயே வைத்து முறுக்கிவிட்டேன். பார்க்கவே இல்லை.

"நான் வச்சதாலதான இப்படி ஆச்சு?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"நீங்க வச்சீங்க. அத வச்சு மூடினது யாரு? படிச்ச பிள்ள நான்தான."

"அப்ப ஏன் உங்கப்பாவுக்கு மட்டும் ஸ்டார்ட் ஆச்சு?"

அதற்கும் பதில் என் கையில் இருந்தது. எனக்கு எப்போதும் பதில் சீக்கிரம் வந்துவிடும், சரியான பதில்தான் தாமதமாக வரும். இது சரியான பதில். ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் அந்த இடம் சூடாகி, விடியற்காலை ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்திருக்கும். எஞ்சினின் கெட்டி எண்ணெயும் கொஞ்சம் இளகியிருக்கும். அம்மா ஐந்து தடவை பாடுபட்டு வழி போட்டு வைத்தார். அப்பா ஆறாவது தடவை வந்து பேர் வாங்கிக்கொண்டு போனார்.

அம்மா இதைக் கேட்டு விரலில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஸ்வெட்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, காடியின் மேல் சாய்ந்துகொண்டு. அவர் அப்படிச் சிரித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு இரண்டு பெண்கள் திறந்த பானெட்டுக்கு முன்னால் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்ததை யார் யார் பார்த்தார்களோ தெரியாது.

உப்புத்தாளால் இரண்டு குமிழ்களையும் தேய்த்தேன். கவ்வியின் உள்பக்கத்தை அம்மா தேய்த்தார். "இங்க இன்னும் இருக்கு", "இது ஒட்டல, பாக்கத்தான் ஒட்டின மாதிரி இருக்கு" என்று மூன்று தடவை என் வேலையைத் திருப்பிக் கொடுத்தார். தொழிற்சாலையில் அவர் வரிசைக்காரர்கள் படும் பாடு அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. முறுக்கி முடித்தோம்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் செருப்புச் சத்தம். அப்பா கைலியை இறுக்கிக்கொண்டே வந்தார். "இன்னுமா ஆவல? தள்ளு, தள்ளு."

"அங்கயே நில்லுங்க" என்றார் அம்மா.

கதவைத் திறந்து உட்கார்ந்தார். டப்பாவைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். சாவியைத் திருப்பினார்.

ரூரூ என்பதற்குள்ளேயே எஞ்சின் பற்றிக்கொண்டது. மரத்திலிருந்த காக்கை ஒன்று பறந்தது. அப்பா நின்ற படியிலேயே நின்றார்.

"ராசியான கை" என்றார் அம்மா, ஜன்னல் வழியாக உள்ளங்கையை நீட்டிக் காட்டி.

நான் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். வழிபோட்ட கதையையும் சேர்த்து. அப்பா பேட்டரியை எட்டிப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "அப்ப ரெண்டு வாரமா நான் சும்மா கீழ எறங்கி வந்தேனா?" என்றார். பிறகு, அம்மா காதில் விழும்படியாக, "எதிர்வீட்டுக்காரிகிட்ட நானே சொல்லிடறேன்" என்றார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு அப்படித்தான் வரும்.

ஒரு தடவை கிளம்பியது போதாது. சோதனை என்றால் குளிர்ந்த எஞ்சினில் மறுபடியும் நடக்க வேண்டும். ஞாயிறு முழுக்க யாரும் காடியைத் தொடக்கூடாது என்று சாவியை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. நல்லது, இன்னும் பெய்யட்டும், இன்னும் குளிரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு மழையை விரும்பிக் கேட்ட ஆள் ஜெலுத்தோங்கில் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு அம்மா என் அறை வாசலில் நின்றார். சாவியைக் கொடுத்தேன். கீழே வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். மாடி நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து பார்த்தேன். மழையில் குடையை மடக்கி உள்ளே எறிவது தெரிந்தது. கதவு மூடியது.

ஒரே தடவை. விளக்குகள் எரிந்தன. துடைப்பான் ஆடியது. ஆனால் காடி நகரவில்லை. ஜன்னல் இறங்கியது. அம்மா தலையை வெளியே நீட்டி, மழையில் நனைந்துகொண்டே நாலாவது மாடியைப் பார்த்தார்.

"அந்த லெட்டர்ல தேதி போட்டுட்டியா?"

"இல்லம்மா!"

"போடாத!"

காடி திரும்பி, கேட்டைத் தாண்டி, பாலம் இருக்கும் பக்கம் போனது. பின்விளக்கு மறையும்வரை நின்றேன். பிறகு உள்ளே வந்தால் சாப்பாட்டு மேசை மேல் டப்பா இருந்தது. மறந்துவிட்டுப் போயிருக்கிறார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், மூடியைத் திறந்து அதை நானே சாப்பிட்டேன்.